பீடமும் இல்லமும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கத்தோலிக்கக் குடும்பமும் புதுநாகரிகமும் என்பது எனக்கு அளிக்கப்பட்ட பொருள். மெட்ரிகுலேஷன் வரை பயின்ற ரயில்வே குமாஸ்தாவாகிய நான் வேதசாஸ்திரம் பேச வல்லவன் அல்லன். வீட்டைப் பற்றியே பேசுவேன்.

நம் முன்னோர் காலத்தில் பீடத்தில் லத்தீன் ஒலித்தது; இல்லத்திலோ தமிழ் ஒலித்தது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து சிறுவர்க்குக் கற்பித்தார். அவர்களைக் கொண்டே பெற்றோர்க்கும் கற்பித்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கமுள்ள தமிழ் நூல். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்நாட்டில் அச்சேறி, இன்று நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் மிகப் பழையது அதுவே.

1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு வழி திறந்தது. லத்தீன் பூசையே மரபென்று ஏங்குவோர் இன்றும் உளர். அவர்தம் பக்தியை நான் குறை கூறேன். ஆயின் மரபு பீடத்தில் மட்டுமா வாழ்கிறது? 1964இல் அச்சங்கமே குடும்பத்தை இல்லத் திருச்சபையாகக் கண்டது. அந்தியில் விளக்கேற்றிச் சொல்லும் ஜெபமாலை நின்றுபோனால், பூசை எம்மொழியில் நடந்தென்ன?

நம் காலனியிலோ கோவிலில் இந்தி அல்லது ஆங்கிலம், பள்ளியிலும் அவ்வாறே. தமிழில் ஆண்டவரை அழைக்கக் குழந்தைக்கு வீட்டைத் தவிர வேறிடமில்லை. விடுமுறையில் ஊர் செல்லும் பேரன், பாட்டியின் ஜெபத்திற்கு மறுமொழி சொல்ல அறியாது ஊமைபோல் நிற்பது நன்றோ?

கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் பழிப்பது எளிது. வேலைக்கும் படிப்பிற்கும் அவை வேண்டியவையே. கால்மணி நேரம் அணைத்து வைத்தால் எந்த வண்டியும் தவறிவிடாது.

ஜெபம் தாயின் கடமை என ஆண்கள் ஒதுங்குவது முறையன்று. தாய்மாரும் இன்று அலுவலகம் செல்கின்றனர். 1955இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளை உழைப்பாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். அத்தச்சர் குடும்பத் தலைவருமன்றோ! இரவுப் பணியுள்ள தந்தையர், புறப்படுமுன் பிள்ளைகளோடு அமர்ந்து ஜெபமாலையில் பத்து மணிகளேனும் உருட்டலாம்.

பிற சமயத்து அன்பர்களே, உங்கள் இல்லங்களிலும் இதே கேள்வி எழுமென எண்ணுகிறேன். சவேரியார் காலத்தில் பிள்ளைகள் பெற்றோர்க்குக் கற்பித்தனர். இன்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை நம்முடையது. இன்றிரவே தொடங்குவோமாக.