தாயின் இரத்தமும் சேயின் உயிரும்

கொச்சிக் காயலில் அமைந்த தீவு வல்லார்பாடம். 2004-ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும் வரை, பிரசவ வலி கண்ட பெண் எறணாகுளம் செல்லப் படகையே நம்ப வேண்டியிருந்தது. பாலங்கள் அத்தொல்லையைப் போக்கின. ஆயினும், காலம் தவறினால் சேயின் உயிரைப் பறிக்கும் ஆபத்து ஒன்று உண்டு. பாலத்தால் மட்டும் அது நீங்காது.

தாயின் இரத்தம் ஆர்எச் நெகடிவ் ஆகவும் தந்தையின் இரத்தம் பாசிட்டிவ் ஆகவும் இருப்பின், குழந்தை பாசிட்டிவாக அமையக்கூடும். பிரசவத்தின்போது குழந்தையின் இரத்தம் சிறிதளவு தாயின் உடலில் கலக்கிறது. தாயின் உடல் அதனை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. முதற்குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்துவரும் பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்களை, நஞ்சுக்கொடி வழியே செல்லும் எதிர்ப்பொருள் அழிக்கிறது. இரத்தசோகையும் கடுமையான மஞ்சட்காமாலையும் தோன்றும், மூளை பழுதுறலாம், கருவிலேயே குழந்தை இறப்பதும் உண்டு.

மூத்த குழந்தை நலமாக இருக்க, அடுத்தவை இறந்தால், ஊர் அந்தப் பழியைத் தாயின் ஜாதகத்தின்மீது சுமத்திற்று. 1939, 1940-ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளே உண்மைக் காரணத்தைப் புலப்படுத்தின. லிவர்பூலிலும் நியூயார்க்கிலும் நடந்த ஆராய்ச்சிகளின் பயனாக, 1968-இல் ஆன்டி-டி ஊசி மருந்து வழக்கத்திற்கு வந்தது. அஞ்சத்தக்க அந்த எதிர்ப்பொருளையே அளவோடு செலுத்தி, தாயின் உடல் விழித்துக்கொள்ளுமுன் குழந்தையின் அணுக்களை அகற்றிவிடுவதே இதன் முறை. கொடையாளரின் இரத்தநீரிலிருந்து இது எடுக்கப்படுகிறது. 2025-இல் மறைந்த ஆஸ்திரேலியரான ஜேம்ஸ் ஹாரிசன் 1,100 முறைக்கு மேல் அதனை வழங்கியவர்.

கருவுற்ற 28-ஆவது வாரத்தில் ஒருமுறையும், பிறந்த குழந்தை பாசிட்டிவ் எனத் தெரிந்தால் பிரசவமான 72 மணி நேரத்திற்குள் மறுமுறையும் இம்மருந்து தரப்படுகிறது. எதிர்ப்பொருள் உருவாகிவிட்ட பின் இதனால் பயனில்லை. கருச்சிதைவுக்குப் பின்னரும் இது தேவைப்படலாம். சிதைவை வெளியே சொல்லக் கூசும் குடும்பங்களில்தான் ஊசி பெரிதும் தவறிப்போகிறது. வகை வேறுபாட்டைக் கண்டு திருமணத்தையே தடுப்பாரும் உளர். அதற்கு ஒரு தேவையும் இல்லை.

இந்தியாவில் ஆர்எச் நெகடிவ் உடையோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவரே. எண்ணிக்கை சிறிது என்பதாலேயே மறதிக்கு இடமுண்டு. கருவுற்றதும் செய்யும் முதற்சோதனையில் இரத்த வகையைக் கண்டு தாய்சேய் நல அட்டையில் எழுதிவிட வேண்டும். பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் பெண், புடவைகளோடு அந்த அட்டையையும் எடுத்துச் செல்லவேண்டும். அங்குள்ள மருத்துவருக்கு அவளுடைய இரத்த வகையை உடனே தெரிவிப்பது அதுதான்.