உருண்டையின் மேல் ஓடும் கோடுகள்



உலக உருண்டையைக் குழந்தையின் கையில் கொடுத்தால், முதலில் அதைச் சுழற்றிப் பார்க்கும். அடுத்து, நீலப் பரப்பின்மேல் ஓடும் கோடுகளைத் தொட்டு, "கடலில் இவற்றை யார் போட்டார்கள்?" என்று கேட்கும். "அவை கற்பனைக் கோடுகள்" என்று சொல்லி முடித்துவிடுவது வகுப்பறை வழக்கம். அவ்விடை போதாது. அவற்றுள் இயற்கை வகுத்தவை சில. மனிதர் கூடி முடிவு செய்தவை சில. இவ்விரண்டையும் பிரித்துணர்த்துவதே நிலநூல் ஆசிரியரின் தலையாய பணி.

நிலநடுக்கோடு எவர் விருப்பத்தாலும் வந்ததன்று. புவி சுழல்வதால் இரு துருவங்கள் அமைகின்றன. அவற்றுக்குச் சம தொலைவில் நடுக்கோடு தானே அமைந்துவிடுகிறது. புவியின் அச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்திருப்பதால் கடகக்கோடும் மகரக்கோடும் பிறக்கின்றன. இதைக் காட்டப் பள்ளி முற்றமே போதும். வட அகலாங்கு 13 பாகையில் உள்ள சென்னையில், ஏப்ரல் பிற்பகுதியில் ஒரு நாளும் ஆகஸ்டு நடுவில் ஒரு நாளும் கதிரவன் நேர் உச்சிக்கு வரும். அந்த நண்பகலில், நட்ட கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கும். இரவில் துருவமீனும் அடிவானிலிருந்து ஏறத்தாழ அதே 13 பாகை உயரத்தில் நிற்கும். தன் ஊரின் அகலாங்கைக் குழந்தை வானத்திலேயே படித்துக்கொள்ளலாம்.

நெடுங்கோட்டின் கதை வேறு. புவி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே ஒரு மணிக்கு 15 பாகை. ஆனால் எண்ணத் தொடங்கும் இடம் எது? அதை இயற்கை சொல்லவில்லை. பழைய இந்திய வானநூலார் உச்சயினி வழியே செல்லும் கோட்டை முதலாகக் கொண்டனர். 1884இல் வாசிங்டன் மாநாடு கிரீனிச்சைத் தேர்ந்தது. வாக்களியாது ஒதுங்கிய பிரான்சு, 1911 வரை பாரிசு நேரத்தையே போற்றியது. இந்திய இருப்புப்பாதைகள் சென்னை நேரத்தைப் பின்பற்றிய காலமும் உண்டு. 1906இல்தான் 82½ பாகைக் கோடு இந்திய நேரத்துக்கு அடிப்படையாயிற்று. 2011இல் சமோவா நாடு நாட்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியபோது, டிசம்பர் 30 என்னும் நாளே அங்கு இல்லாமற்போயிற்று.

இனி, வரைபடம். ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்து மேசைமேல் அழுத்தச் சொன்னால், அது கிழியாமல் படியாது என்பதைக் குழந்தையின் விரல்களே அறியும். 1569இல் மெர்க்காட்டர் கடலோடிகளுக்காக வரைந்த படத்தில் திசை பிழைக்காது, பரப்பு பிழைக்கும். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா ஏறத்தாழ 14 மடங்கு பெரிது. சுவரில் தொங்கும் படத்தை மட்டுமே கண்டு வளரும் பிள்ளை, ஒரு கண்டத்தையே சிறிதாக எண்ணி வளர்கிறது.

கோடுகளை வேறுபடுத்தக் கல்லாத மனம், நாட்டு எல்லையையும் மலைபோல், ஆறுபோல் என்றும் இருந்ததாக நம்பிவிடும். 1947 சூலையில், அதற்குமுன் இந்திய மண்ணை மிதித்திராத ராட்கிளிஃப், பஞ்சாபையும் வங்கத்தையும் ஏறக்குறைய ஐந்தே வாரங்களில் பிரித்தார். விடுதலை கிடைத்து இரண்டு நாள் கழித்தே, ஆகஸ்டு 17 அன்று, அக்கோடு மக்களுக்குத் தெரிந்தது. கோடியைக் கடந்த மக்கள் வீடிழந்தனர். அதுவும் மனிதர் இட்ட கோடே என்பதை அறிந்த பிள்ளை, எல்லைக்கு அப்பாலிருப்போரையும் அண்டை வீட்டாராகக் காணும்.

இங்கே கவிஞர்க்கும் பணியுண்டு. தமிழகப் பாடநூல்கள் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்பவற்றை, இலங்கைப் பாடநூல்கள் அகலக்கோடு, நெடுங்கோடு என்கின்றன. பின்னவை சொல்லும்போதே குழந்தைக்குப் பொருள் விளங்குபவை. அத்தகைய சொற்களால், நிழல் ஒடுங்கும் நண்பகலையும், ஒரு நாளைத் தொலைத்த தீவையும், தட்டையாகாத ஆரஞ்சுத் தோலையும் பாடும் குழந்தைப் பாடல்கள் தமிழில் பெருக வேண்டும். பத்தாண்டு நிறைந்த இவ்வட்டத்தின் கவிஞர்கள் அவற்றைத் தொடங்கிவைப்பார்களாக.