சிமிழ் குடையும் வளைய உளி

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கடைந்த குங்குமச் சிமிழ் புறத்தே பளபளத்தும் உள்ளே சொரசொரத்தும் இருத்தலை நாம் பலகாலும் காண்கிறோம். குற்றம் மரத்தினதன்று, குடையும் முறையினதே. சிமிழ்க் கட்டையில் நார்கள் பெரும்பாலும் அடிமுதல் வாய்வரை கோரைக்கட்டுப்போல் நிமிர்ந்து நிற்கும். அவற்றின் நுனியைத் தட்டையுளியால் சுரண்டின், நார் அறுபடாது பிய்ந்து வரும்.

இதன்பொருட்டு மேனாட்டுக் கடைசற்காரர் வளைய உளியைக் கையாளுகின்றனர். காம்பின் நுனியில் ஒரு சிறு எஃகு வளையம். அதன் விளிம்பே கூர். முதற்கண் கட்டையின் நடுவே வேண்டிய ஆழம் துளையிட்டு, உளியை நடுவினின்று விளிம்பு நோக்கிச் செலுத்துதல் வேண்டும். அங்ஙனம் செலுத்துங்கால், அறுபடும் நாரைப் புறத்தேயுள்ள நெடிய நார் தாங்கி நிற்கும்; உட்புறம் வழவழப்பாகும்.

வளையத்தை மிகுதியாய்க் கடிக்கவிட்டால் உளி சிக்கும், சிமிழ் பிளக்கும், கைக்கும் ஊறு நேரும். ஆதலின் வளையத்தை அறுத்துச் செல்லும் பக்கமாகச் சிறிது சாய்த்து, மெல்லிய சீவலாகவே எடுத்தல் வேண்டும். வளையத்துள் சீவல் அடைத்தால், கட்டையின் சுழற்சி நின்ற பின்னரே நீக்குக.

அன்பர்களே! கடைசல் பயிலும் நம் சிறுவர்க்குக் கைவலியினும் முன்னதாக நாரின் போக்கையே கற்பிப்போமாக. அதனால் சிமிழும் சிறக்கும். சிறுவர் விரலும் பிழைக்கும்.