உங்கள் வயலுக்கு இரண்டு எண்கள்

(புதுவையில் நடைபெற்ற விவசாயிகள் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



வயல் எங்கே என்று கேட்டால் சர்வே எண்ணைச் சொல்வீர்கள். பத்திரத்துக்கு அது போதும். ஆனால் பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லையால், புதுவைக் கிராமங்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் வேறு கணக்கு. இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது நிலப்படக் கட்டங்களின் கணக்கே.

2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில், பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேர் கட்டத்துக்கு ஒரு மண் மாதிரி என்று வைத்தார்கள். மாதிரி எடுத்த இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களால் குறிக்க வேண்டும். எண் தவறினால் உர சிபாரிசு வேறொருவர் நிலத்துக்குப் போய்விடும்.

இதில் நானே தவறியிருக்கிறேன். புதுவை நகரம் வடக்கே 11 டிகிரி 56 நிமிடம், கிழக்கே 79 டிகிரி 50 நிமிடம் அளவில் இருக்கிறது. நகரை ஒட்டிய ஒரு வயலுக்கு நான் அவசரத்தில் 11.56, 79.50 என்று எழுதிவிட்டேன். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் அல்லவா? 56 நிமிடத்தைத் தசமத்தில் எழுதினால் .93, 50 நிமிடம்.83. நான் எழுதிய எண்ணைப் படத்தில் வைத்துப் பார்த்தால் வயல் நெய்வேலிப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தது! பையின் மேல் அந்த விவசாயி சர்வே எண்ணையும் எழுதியிருந்ததால் தப்பித்தோம்.

அட்சரேகையில் ஒரு விநாடி என்பது ஏறத்தாழ 31 மீட்டர். தசமத்தில் ஐந்தாவது இலக்கம் ஒரு மீட்டர் அளவுக்கு வரும். அதற்கு மேல் எழுதுவது வீண்.

எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். பழைய பிரெஞ்சுப் படங்களில் தீர்க்கரேகையைப் பாரிஸிலிருந்து எண்ணினார்கள். கிரீன்விச்சுக்குக் கிழக்கே 2 டிகிரி 20 நிமிடத்தில் பாரிஸ் இருப்பதால், அப்படங்களில் புதுவை 77 டிகிரி 30 நிமிடம் அருகே காணப்படும். ஊர் நகரவில்லை! இந்திய சர்வேத் துறையின் பழைய தாள்கள் (புதுவைக்கு 58 எம்/13) எவரெஸ்ட் அளவையில் அமைந்தவை. கைபேசி காட்டுவது டபிள்யூ.ஜி.எஸ். 84 அளவை. இரண்டையும் கலந்தால் குறி அடுத்தவர் வயலில் விழும்.

துறையின் புதிய படங்களில் மீட்டர் கட்டங்களும் உண்டு. 78 முதல் 84 டிகிரி வரை 44-ஆம் பட்டை. புதுவை இதில் வரும், கோவை 43-ல். இதில் கிழக்கு எண் முதலில், வடக்கு எண் பிறகு. நம் நகருக்குக் கிழக்கு எண் சுமார் 373 கிலோமீட்டர், வடக்கு எண் 1319 கிலோமீட்டர்.

அடுத்த முறை மாதிரி எடுக்கும்போது மர நிழலை விட்டு விலகி, வயல் நடுவே நின்று, கைபேசி எண் நிலைக்கும்வரை சற்றுப் பொறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பையின் மேல் சர்வே எண்ணையும் கிராமத்தையும் மறக்காமல் எழுதுங்கள். என்னைப் போன்றவர்கள் தவறினால் உங்கள் வயலைத் தேடிப்பிடிக்க அதுதான் வழி.