பல்கலைக் கழக ஊழியரும் கல்விச் சலுகையும்

ரயில்வேயில் பணிபுரிவோருக்குப் பிரயாணப் பாஸ் உண்டு என்பதை நேயர்கள் அறிவார்கள். ஒரு ஸ்தாபனம் தன் வசம் உள்ள பொருளில் ஒரு பங்கைத் தன் ஊழியருக்கு அளிப்பது இயல்பே. அப்படியானால், பல்கலைக் கழகம் தன் ஊழியருக்கு எதை அளிக்கலாம்? அதனிடம் உள்ள செல்வம் கல்வி ஒன்றுதான். அக்கல்வியைத் தன் ஊழியருக்கும் அவர் மக்களுக்கும் கட்டணமின்றியோ, குறைந்த கட்டணத்திலோ வழங்கும் முறை அமெரிக்க நாட்டில் பரவலாக வழங்கி வருகிறது. அம்முறையின் நிறைகுறைகளை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

பல்கலைக் கழக ஊழியர் என்றதும் பேராசிரியரே நம் நினைவுக்கு வருகிறார். ஆனால் குமாஸ்தாவும், நூலகப் பணியாளரும், ஆய்வுக்கூட உதவியாளரும், விடுதிச் சமையற்காரரும், தோட்டக்காரரும், துப்புரவுப் பணியாளரும் அங்கே ஊழியர்களே. இவர்கள் அனைவரையும் கருத்திற் கொண்டே இச்சலுகையை எடைபோட வேண்டும்.

சலுகை மூன்று வகையில் வழங்கப்படுகிறது. முதலாவது, ஊழியரே தம் ஓய்வு நேரத்தில் தாம் பணிபுரியும் இடத்திலேயே பாடங்களைப் பயிலலாம். இரண்டாவது, அவருடைய மனைவி அல்லது கணவருக்கும் பிள்ளைகளுக்கும் அங்கே கல்விக் கட்டணம் முழுவதுமோ, ஒரு பகுதியோ தள்ளுபடி செய்யப்படும். மூன்றாவது, பல கல்லூரிகள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு, ஒன்றின் ஊழியர் பிள்ளையை மற்றொன்று ஏற்றுக்கொள்ளும். இவற்றுக்குச் சில நிபந்தனைகளும் உண்டு. பல இடங்களில் குறிப்பிட்ட காலம் பணியாற்றிய பின்னரே சலுகை கிட்டும். பிள்ளை தன் தகுதியினாலேயே அனுமதி பெற வேண்டும். தள்ளுபடி பெரும்பாலும் கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே. உணவு, விடுதி, புத்தகச் செலவுகளைக் குடும்பமே ஏற்க வேண்டும்.

ஸ்தாபனம் இதை ஏன் செய்கிறது? தருமம் மட்டுமே காரணமன்று, கணக்கும் உண்டு. ஐம்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஐம்பத்தோராவது மாணவர் அமர்வதால் ஏற்படும் கூடுதற் செலவு சொற்பம். ஊழியருக்கோ அது பல ஆண்டுச் சேமிப்புக்கு ஈடாகும். பிள்ளை கல்லூரியை எட்டும் வரை அவர் வேலையை விட்டு விலகவும் தயங்குவார். அனுபவம் வாய்ந்தவர்கள் நிலைத்திருப்பது பல்கலைக் கழகத்துக்கும் ஆதாயமே.

அரசாங்கமும் இதற்குத் துணை நிற்கிறது. கட்டணச் சலுகையை ஊழியரின் வருமானமாகக் கொள்ள வேண்டுமா என்ற வினாவுக்கு 1984-இல் இயற்றப்பட்ட சட்டம் விடை கூறிற்று. இளநிலைப் பட்டப் படிப்புக்கான தள்ளுபடிக்கு, ஊழியர், அவர் துணைவர், அவரைச் சார்ந்த பிள்ளைகள் ஆகியோர் வரையில் வருமான வரி இல்லை. உயர் பட்டப் படிப்பாயின் விதி வேறு. கற்பித்தலிலும் ஆராய்ச்சியிலும் உதவும் மாணவர்களுக்கு விலக்கு உண்டு. 2017-இல் இச்சலுகையையே நீக்கும் யோசனை பிரதிநிதிகள் சபையின் வரி மசோதாவில் இடம்பெற்றது. இறுதியில் நிறைவேறிய சட்டத்தில் அது இடம்பெறவில்லை. மற்றொரு விதியும் கவனிக்கத்தக்கது. உயர்ந்த ஊதியம் பெறுவோருக்கே சாதகமாகச் சலுகையை வகுத்தால், அவர்களுக்கு வரி விலக்குக் கிட்டாது. கடைநிலை ஊழியரையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டும் என்பதே இதன் கருத்து.

ஆயினும் விதி சமமாக இருப்பதனால் பயனும் சமமாகிவிடாது. பேராசிரியரின் வீட்டில் புத்தகங்கள் உண்டு. வழிகாட்டப் பெற்றோர் உண்டு. சமையற்காரரின் பிள்ளைக்கு அனுமதியே அரிதாகலாம். அனுமதி கிட்டாதபோது தள்ளுபடி வெறும் காகிதமே. பிள்ளையில்லாத ஊழியருக்கு, தாமோ தம் துணைவரோ படித்தாலன்றி, யாதொரு பயனும் இல்லை.

இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. துப்புரவு, காவல், உணவு ஆகிய பணிகளைப் பல்கலைக் கழகம் ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுமானால் அங்கே உழைப்பவர் யாருடைய ஊழியர்? அதே தாழ்வாரத்தைத்தான் பெருக்குகிறார். அதே அடுப்பில்தான் சமைக்கிறார். ஆனால் சம்பளச் சீட்டில் ஒப்பந்தக்காரரின் பெயர் இருப்பதால், சலுகை அவர் வாசலோடு நின்றுவிடுகிறது. எவருக்கு அது மிகவும் தேவையோ, அவரே வரிசையிலிருந்து விலக்கப்படுகிறார்.

நம் நாட்டின் நிலை என்ன? மத்திய அரசாங்க ஊழியருக்குப் பிள்ளைகளின் கல்விப்படி உண்டு. ஏழாவது சம்பளக் கமிஷனை ஒட்டி, 2017 ஜூலை முதல் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 2,250 ரூபாயாக அது நிர்ணயிக்கப்பட்டது. அகவிலைப்படி ஐம்பது சதவிகிதத்தை எட்டியதும், 2024 ஜனவரி முதல் 2,812 ரூபாய் 50 காசாக உயர்ந்தது. பொதுவாக இரண்டு பிள்ளைகளுக்கே இது பொருந்தும். இங்கே ஒரு வேற்றுமையைக் காண்கிறோம். அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு வரை பொதுப் பள்ளிகளில் கட்டணமில்லை. எனவே சலுகை கல்லூரி வாசலில் தொடங்குகிறது. நம் படியோ பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. கல்லூரிச் செலவு தொடங்கும் நேரத்தில் உதவி நின்றுபோகிறது.

அயல்நாட்டு முறையை அப்படியே எடுத்துவைக்க வேண்டுமென்று நான் கூறவில்லை. பொதுப் பணத்தில் நடக்கும் பல்கலைக் கழகத்தில் இடங்கள் குறைவு. வெளியே காத்து நிற்கும் ஏழை மாணவர் பலர். ஆகவே அனுமதியில் சலுகை வேண்டாம்; கட்டணத்தில் சலுகை போதும். அதுவும் குறைந்த சம்பளக்காரருக்கு முழுமையாகவும், உயர்ந்த சம்பளக்காரருக்கு அளவோடும் அமையட்டும். ஒப்பந்தம் எழுதும்போதே, அங்கு உழைப்போரின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்று ஒரு ஷரத்தைச் சேர்க்கலாம். ஊழியரும் படிக்கட்டும். 1962-இல் தில்லிப் பல்கலைக் கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியபோது, வேலையும் கல்வியும் ஒருசேர இயலும் என்பதை நாடு கண்டது. அவ்வழியில் பயில விரும்பும் கடைநிலை ஊழியரின் கட்டணத்தை அவருடைய பல்கலைக் கழகமே செலுத்தலாம்.

நாள்தோறும் வகுப்பறையைத் திறந்துவைப்பவரின் மகளுக்கு, அனுமதி பெற்ற பின்னும், பணமின்மையால் அவ்வறை மூடப்பட்டிருப்பது முறையாகாது. இச்செலவு பெரிதன்று, இதனைச் செய்ய வேண்டும் என்ற மனமே முதலில் தேவை.