பழைய கணனியைக் கொடுத்தல்
(ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



நம்மிற் பலருடைய வீடுகளிலே, அலுமாரியின் மேலேயோ கட்டிலின் கீழேயோ, துணியாற் போர்த்தப்பட்ட கணனி ஒன்று கிடக்கின்றது. புதியது வாங்கிய அன்று அதனை அங்கே வைத்தோம். யாருக்காவது கொடுக்கலாம் என்று எண்ணினோம். எண்ணம் எண்ணமாகவே நின்றது. சில ஆண்டுகள் சென்றபின், பழைய இரும்பு வாங்குபவர் வாசலிலே கூப்பிடும்போது நிறுத்துக் கொடுத்துவிடுகின்றோம். அதன் வயர்களைச் செம்புக்காக எங்கோ எரிப்பார்கள். அந்தப் புகையை யார் சுவாசிக்கின்றார் என்று நாம் கேட்பதில்லை.

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் விண்டோஸ் 10க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசொவ்ற் நிறுவனம் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 பழைய கணனிகள் பலவற்றை ஏற்பதில்லை. ஆகவே பழுதேதும் இல்லாத பொறிகளும் ஒதுக்கப்படுகின்றன. கெட்டது பொறியன்று, அதில் ஓடும் மென்பொருளுக்கே தவணை முடிந்தது. விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளம் ஒன்றை இட்டால், 4 கிகாபைற் நினைவகமுள்ள கணனியும் ஒரு மாணவன் கட்டுரை எழுதவும் கணக்குப் பதியவும் போதியதாகும். சுழலும் வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பூட்டினால், அதன் வேகங் கண்டு கொடுத்தவரே திருப்பிக் கேட்பார்!

இனி, நமது பிழையையுஞ் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பதினொரு கணனிகளைச் சேர்த்து, லொறியிலேற்றி, ஒரு கிராமப் பாடசாலைக்குக் கொண்டுசென்றோம். படமும் எடுத்துக்கொண்டோம். மூன்று மாதங் கழித்துப் போய்ப் பார்த்தபோது நான்கே இயங்கின. சிலவற்றுக்கு மின்வயர் இல்லை. இரண்டு, முன்னைய உரியவரின் கடவுச்சொல்லாற் பூட்டப்பட்டுக் கிடந்தன. ஒன்றிலே ஒரு குடும்பத்தின் திருமணப் படங்களும் வங்கிக் கடிதங்களும் அப்படியே இருந்தன. பொருட்பதிவேட்டில் ஏறிவிட்டமையால் அதிபராலே அவற்றை எறியவும் முடியவில்லை. நமது குப்பையை அவர் பூட்டி வைத்துக் காவல் காத்தார். நம்மைக் கண்டதும் தேநீர் தந்து உபசரித்தாரே, அதுதான் நம்மை மிகவுஞ் சுட்டது.

ஆதலால் இப்பொழுது நாம் சோதியாது ஒன்றையுங் கொடுப்பதில்லை. கோப்புகளை அழித்தல் மாத்திரம் போதாது. அழித்தவற்றை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் உண்டு. வன்தட்டு முழுவதன் மேலும் புதிதாக எழுதி முன்னையதை மறைத்தல் வேண்டும். திகதி பிழையாகக் காட்டும் கணனிக்குப் பெரும்பாலும் நாணயம் போன்ற சிறு பற்றறி ஒன்றே புதிதாகத் தேவைப்படும். அதற்காகவே எறியப்பட்டவையும் உண்டு! மடிக்கணனியின் பற்றறி வீங்கியிருந்தால் அது தீப்பற்றக்கூடும். அதனையும், ஈயங் கலந்த கண்ணாடியுள்ள பழைய பெருந்திரைகளையும் எவருக்குந் தானமாகக் கொடுத்தல் ஆகாது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடமே அவை சேரவேண்டும்.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்து ஆண்டு வைத்திருந்து கொடுப்பதிலும், புதியது வாங்கிய கிழமையே பழையதைக் கொடுங்கள். அப்பொழுதுதான் அது இன்னொருவருக்குச் சில ஆண்டுகளாவது உழைக்கும். சனிக்கிழமை மாலைகளில் நமது வாசிகசாலையிலே இளைஞர்கள் திருப்புளியுடன் காத்திருப்பார்கள். மின்வயரையும் கடவுச்சொல்லையும் மறவாது கொண்டுவாருங்கள்.