வேலை பழகுவதும் படிப்புத்தான்
(கிளென்ஃபீல்டில் நடந்த பெற்றோர், இளைஞர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கைவிசேடம் வாங்க வந்து பின்வரிசையில் ஒளிந்திருக்கும் பிள்ளைகளே, இண்டைக்குப் பேச்சு உங்களைப் பற்றித்தான்.

எங்கட சனம் சந்தித்தால் முதற் கேள்வி, "பிள்ளை என்ன படிக்குது?" டொக்டர், எஞ்சினியர் என்றால் முகம் மலரும். "வயரிங் பழகுறான்" என்றால், "ஏன், படிப்பு ஏறேல்லையோ?" என்று வரும். மின்வேலை செய்து பிழைக்கிற எனக்கு இந்தக் கேள்வி நல்ல பழக்கம்.

இந்த எண்ணம் சும்மா வந்ததில்லை. 1970களில் தரப்படுத்தல் வந்தபோது, பல்கலைக்கழகத்தில் ஒரு இடத்துக்காக அரிக்கன் விளக்கில் படித்த சனம் நாங்கள். பறிபோனதைப் பிள்ளை எட்டிப் பிடிக்க வேணும் என்ற ஆசையில் பிழையில்லை. ஆனால் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்து குடும்பத்தை நிமிர்த்தினவர்களும் எங்கட ஊர்ச் சனந்தானே? மொறட்டுவை ஜேர்மன் டெக்கில் இடம் கிடைத்தால் ஊரே பேசுமே! சுவிசிலுள்ள உங்கட மருமக்களைக் கேளுங்கோ. அங்கே மூன்றில் இரண்டு பங்கு இளைஞர் தொழிற்பயிற்சி வழியால்தான் போகினம்.

இஞ்சை அப்ரன்டிஸ் என்பவர் முதலில் ஒரு வேலையாள். முதலாளியோடு ஒப்பந்தம், கையில் சம்பளம், கூடவே எழுதி ஒப்பமிட்ட பயிற்சித் திட்டம். முடிவில் நாலாம் தரச் சான்றிதழ், குறைந்தது 120 கிரெடிட். தச்சுவேலைக்கு மூன்று, நாலு வருடம் செல்லும். மின்வேலைக்கு அதற்குமேல் பரீட்சை எழுதி, மின்வேலையாளர் பதிவுச் சபையில் பதிந்து, உரிமம் எடுக்க வேணும். தொடக்கச் சம்பளம் குறைவுதான். பயிற்சிக்கால ஆகக்குறைந்த சம்பளம், வளர்ந்தோருக்கானதின் 80 வீதம். யூலை மழையில் வீட்டுத் தரைக்கடியில் தவழ்ந்து வயர் இழுப்பதும் சொகுசில்லை. அதையும் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேணும்.

பிடிக்குமோ பிடிக்காதோ என்று பார்க்கவும் வழி இருக்கு. கேட்வே என்ற திட்டத்தில் 11 முதல் 13ஆம் வகுப்புப் பிள்ளைகள், பாடசாலையை விடாமலே வேலைத்தலத்துக்குப் போய்ப் பழகலாம். அதற்குக் கிரெடிட்டும் உண்டு. மகளுக்கும் இது பொருந்தும், மகனுக்கு மட்டுமில்லை.

பாடசாலைகளுக்கும் ஒரு சொல். "அமைதியான பிள்ளை, கணக்கு நல்லாய் வரும்" என்று எங்கட பிள்ளைகளை நேரே பல்கலைக்கழக வரிசையில் நிறுத்திவிடாதையுங்கோ. ஆங்கிலத்தில் அச்சடித்த துண்டு புத்தகப்பைக்குள்ளேயே கசங்கிப்போகுது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துத் தாய் தகப்பனிடம் நேரே சொல்லுங்கோ.

பெற்றோரே, கிளென்ஃபீல்ட் கொலிஜோ வேறு பாடசாலையோ, அடுத்த பெற்றோர் சந்திப்பில் தொழில் வழிகாட்டி ஆசிரியரைத் தேடிப் பிடியுங்கோ. கேட்வேயில் இடம் இருக்கோ, எந்த வேலைத்தலம், எப்போது பதிவு என்று மூன்றையும் கேளுங்கோ. ஆங்கிலம் தடக்கினால் சங்கத்திலிருந்து ஒருவர் கூட வருவார்.

கூட்டம் முடிய நான் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். வேலை எப்படி, மாதம் கையில் என்ன மிஞ்சும் என்று பிள்ளைகள் வெட்கப்படாமல் கேட்கலாம். அம்மா, அப்பாமார் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ.